சம்பந்தி கொடுத்த எண்ணெயும் என் கடைவாய்ப் பல்லும்

கம்போங் ராஜா, கேமரன் மலை
12.8.1979

பெருமதிப்பிற்குரிய தாப்பா சம்பந்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர் லெட்சுமணன் அவர்களுக்கு, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி தங்கையா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி திலகமும் மகனும் உங்கள் மகள் தாமரையும் நலம். என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர வீட்டில் யாருக்கும் குறையில்லை. அங்கே நீங்களும் உங்கள் பற்களும் நலமாக இருக்க முருகன் துணை.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது, பல்லைப் பிடுங்கத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என்னைப் படியிலேயே தடுத்து, "சம்பந்தி, கவாத்து வெட்டுன தேயிலை மறுபடி துளிர்க்குதா இல்லையா? பல்லும் அப்படித்தான். வேர் இருந்தா வளரும்" என்றீர்கள். காலமெல்லாம் கவாத்துக் கத்தி பிடித்தவனிடம் இப்படிச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? நம்பினேன். திலகம் காலையில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "இன்னும் கொழுந்து விடலையா?" என்று கேட்கிறாள். நீங்கள் பஸ்ஸில் அனுப்பிய வேப்பங்குச்சி மலை ஏறுவதற்குள் காய்ந்து ஆணியாகிவிட, அதைக் கடித்ததில் சொத்தைப் பல்லுக்குப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லும் ஆட ஆரம்பித்தது. முட்டை ஓட்டுப் பொடியைக் குழியில் அடைக்கச் சொன்னீர்கள், அடைத்தேன், சோற்றில் கல் கிடக்கிறது என்று திலகத்தோடு சண்டை போட்டேன், கல் என் வாயிலிருந்துதான் வந்தது. இவையெல்லாம் உங்கள் பேரன்பின் அடையாளம் என்று பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தேங்காய் எண்ணெய். உங்கள் தாப்பாவில் அது எண்ணெய். இந்தக் குளிரில் அது மெழுகு. கரண்டியால் சுரண்டி வாயில் போட்டு, பால் போல வெளுக்கும்வரை கொப்பளிக்க வேண்டும், விழுங்கினால் விஷம் என்று சொல்லியிருந்தீர்கள். இங்கே அது உருகவே ஒரு யுகம் ஆகிறது. அப்படி வாய் நிறைய வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை காலை ஆட்கள் வரிசையாகக் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். அன்றைக்கு ஆள் கணக்கு எடுத்த பிறகு, தோட்டத்துக்குப் பல் டாக்டர் வண்டி வேண்டும் என்று லயத்து வீடுகளில் இருக்கும் ஜனங்கள் சார்பில் நான் துரையிடம் கேட்பதாக ஏற்பாடு. துரை என்றும் இல்லாத திருநாளாகச் சீக்கிரமே வந்து, அவராகவே கேட்டார்: "என்ன கங்காணி, பல் டாக்டர் வண்டி வேணும்னு ஆபீஸ் கிராணி சொன்னாரு. கண்டிப்பா வேணுமா?"

துரை முன்னால் துப்ப முடியுமா? விழுங்கினால் விஷம். "கொஞ்சம் பொறுங்கள்" என்பதற்காகக் கையையும் தலையையும் ஆட்டினேன். "வேணாமா? நல்லதுலா, எனக்கும் ஒரு வேலை மிச்சம்" என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் துப்பிவிட்டு ஓடினேன், புகைதான் மிஞ்சியது.

அப்போது கொழுந்து பறிக்கும் மணியம்மா என் முன்னால் வந்து நின்றாள். "ஏன் கங்காணி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எம்புள்ள கன்னம் வீங்கிக் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேங்குறான். உங்கள நம்பித்தானே இருந்தோம்?" என்றாள். அந்தப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், சம்பந்தி. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் துரையிடம் போனேன், "முடிஞ்ச விசயம்லா, சும்மா சும்மா மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்.

ஆகையால் தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்வது, இனி எண்ணெய், குச்சி, பொடி எதையும் அனுப்ப வேண்டாம். நீங்கள் தாராளமாக வாருங்கள், வெறுங்கையோடு வாருங்கள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், அவர்களுக்குப் பல்வலி வந்தால் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். உங்கள் குடும்பம் முழுப் பல்லோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
கங்காணி தங்கையா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. இன்று காலை துரை கன்னம் வீங்கி வந்தார். பல் பிடுங்கும் குறடு என்றால் அவருக்குப் பயமாம், "உன் நாட்டு மருந்து ஏதாச்சும் இருக்கா கங்காணி?" என்று கேட்டார். உங்கள் எண்ணெயை ஒரு பெரிய கட்டியாக அவர் வாயில் வைத்துவிட்டு, விழுங்கினால் விஷம், தரையில் துப்பினால் பல் எல்லாம் கொட்டிவிடும் என்று சொன்னேன். பிறகு கிராணியைப் பக்கத்தில் நிற்கவைத்து, "ஐயா, பல் டாக்டர் வண்டிக்கு எழுதிடலாமா?" என்றேன். "ம்ம்ம்" என்றார். கிராணி எழுதி, உடனே தபாலில் சேர்த்துவிட்டார். தயவுசெய்து அடுத்த பஸ்ஸிலேயே இன்னும் இரண்டு போத்தல் அனுப்பவும். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.