தொட்டி காலி

மணி இரண்டேகால். நாலு மணிக்கு மனைவி தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்க வேண்டும். புதுப் பதவிக்குத் தந்த ஒரே நீலச் சீருடை, துணி உலர்த்தும் மெஷினுக்குள் ஈரமாகவே கிடந்தது.

“மூணு மணிக்கு எழுப்புங்க. அதுக்குள்ள காஞ்சிரும்ல?” என்று கேட்டுவிட்டுப் படுத்திருந்தாள்.

“நீ நிம்மதியா தூங்கு. நான் இருக்கேன்ல” என்று வீரமாகச் சொல்லியிருந்தார் கணவர். அவர் பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். மெஷினுக்கும் அவருக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மெஷின் நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் உருண்டை எழுத்தில் ஒரு குறிப்பு: ‘சிவப்பு விளக்கு எரிந்தால் தொட்டி காலி.’

“இவ்வளவுதானா” என்று, மெஷினின் மேல்பக்கம் இழுப்பறை போல இருந்த தொட்டியைக் கொஞ்சம் இழுத்து, ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கால் ஜக்கிலேயே வழிந்து மெஷினுக்குள் இறங்கியது. விளக்கு அணையவில்லை.

“என்னப்பா பண்றீங்க?” வீட்டுப்பாடத்தோடு மகள் வந்து நின்றாள்.

“மெஷினுக்குத் தாகமாம்மா.”

அடுத்து, கதவோரம் இருந்த வடிகட்டி வலையை உருவினார். பஞ்சு அப்பிக் கிடந்தது. “பாவம், மூச்சு முட்டியிருக்கு” என்று குழாயில் கழுவி, சொட்டச் சொட்டச் செருகினார். இப்போது இரண்டு விளக்குகள் எரிந்தன. ஏதோ முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

சீருடையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து, ஈரக் காற்றைத் தண்ணீராக்கும் கண்டென்ஸரை உருவினார். அவர் ஊற்றியதெல்லாம் பஞ்சோடு தரையில் பாய்ந்தது. பதறிப்போய், கைக்கு அகப்பட்ட துணியால் பரபரவென்று துடைத்தார்.

துடைத்து முடித்த பிறகுதான் துணியில் பொத்தான்கள் இருப்பதைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள். ஜக்கையும் ஈரத் தரையையும் பார்த்ததும் கொட்டாவி பாதியில் நின்றது.

“துணியிலிருந்து வர்ற தண்ணிதாங்க அந்தத் தொட்டியில சேரும். நிறைஞ்சா எடுத்துக் கொட்டணும். நீங்க ஊத்தினீங்களா?”

கோபப்படத்தான் பார்த்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கும் தோழிக்குப் போன் போட்டாள். “வரும்போது உன்னோட சீருடை ஒண்ணு கொண்டு வாயேன். என்னோடது இப்பத்தான் தரையைத் துடைச்சுட்டு வந்திருக்கு.”

தோழி கொண்டு வருவதாகச் சொன்னதும் கணவருக்குப் போன உயிர் வந்தது. கூடவே தொழில் புத்தியும் வந்தது.

“குறிப்பைப் பாரு. வினைச்சொல்லே இல்ல. ‘தொட்டி காலி’ன்னா தண்ணி இல்லைன்னுதானே அர்த்தம்? இதை எழுதினவங்களைச் சொல்லணும்.”

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அம்மா ‘தொட்டி காலி செய்யவும்’னுதாம்ப்பா எழுதினாங்க. ‘செய்யவும்’ மிகைன்னு சிவப்புப் பேனாவால அடிச்சு, என்னை அழகா எழுதி ஒட்டச் சொன்னது நீங்கதான்.”