இருபது டெரா தேறுமா?

கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சிவப்புக் கோடு தோன்றிய நாளிலிருந்து வீடியோக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது சும்மா கோடு இல்லை. ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது, இனி ஒரு தும்மலைக்கூடப் பதிந்துவைக்க இடமில்லை என்று அர்த்தம். கல்யாணங்களைப் படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனால் பயந்த சுபாவம். எதையும் அழிக்க மாட்டார். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து அரை மணி நேரம் எடுத்த இருட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். ஏன் என்றால், "யாராவது கேட்டா?" என்பார். இருட்டை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்கிற ஆள் வேறு ஒருவர் இருந்தார். போன மாதம் கல்யாணமான பெண்ணின் அப்பா. வக்கீல். வீடியோ எப்போது வரும் என்று தினமும் போன்.

"இடப் பிரச்சினை சார்," என்பார் இவர்.

"இடப் பிரச்சினையா? யார் இடம்? கேஸ் போட்டுடலாமே!" என்று அவர் உற்சாகமாகிவிடுவார்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க் வந்திருந்தது. இருபது டெராபைட் கொள்ளும்; கடைப் பேச்சில் இருபது டெரா. வீட்டில் இருப்பதோ நாலு டெராதான். விலையைக் கேட்டதும் வீடியோக்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். பிறகு மனசு கேட்காமல் திரும்பப் போனார்.

"டெராவுக்கு என்ன விழுதுன்னு வகுத்துப் பாருங்க சார்," என்றார் கடைக்காரர். "பெருசா வாங்கினா ஒரு டெரா பாதி விலைக்கு வருது."

"மொத்தமா எவ்வளவு ஆகுது?"

"மொத்தத்தை ஏன் சார் பார்க்கறீங்க? அதைப் பார்த்தா பயமா இருக்கும்."

வகுத்துப் பார்த்தார். கொள்ளை லாபம். பெருக்கிப் பார்த்தார். இரண்டு மாத வீட்டு வாடகை. இன்று வாங்கினால் நாளை விலை இறங்கிவிடுமோ? நாளைக்குப் போனால் ஏறிவிடுமோ? வாங்கி, அது கெட்டுப்போனால்? வாங்காமல், பழையது கெட்டுப்போனால்? வீடு வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலாவதியான எதையும் ஒரு நிமிடம் அலமாரியில் விடமாட்டாள். அவளிடம் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"இருபது டெராம்மா."

"இருபதுல எத்தனை தேறும்?"

"தேறா இல்லம்மா. டெரா."

"நானும் அதைத்தான் சொல்றேன். தேறாது."

"பெருசா வாங்கினா லாபம். வகுத்துப் பார்த்தா..."

"நாலு டெரா இடம் கொடுத்ததுக்கே குப்பையால ரொப்பி வச்சிருக்கீங்க. இருபது கொடுத்தா மடத்தையே பிடுங்குவீங்க. முதல்ல இருக்கறதை அழிங்க."

"அழிக்கிறதா?" வீடியோக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "ஒவ்வொண்ணும் ஒரு குடும்பத்தோட ஞாபகம்!"

"அந்த அரை மணி நேர இருட்டு எந்தக் குடும்பம்?"

அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முறிந்தது.

மறுநாள் காலை அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். வாயால் சொன்னால் புரியாதவர்களுக்குச் செத்துக் காட்டினால்தான் புரியும். தானே சாகும் அளவுக்குத் துணிச்சல் இல்லாததால் ஹார்டு டிஸ்க்கைச் சாகடிக்க முடிவு செய்தார். மேஜைக்கடியில் புகுந்து வயரைப் பாதி உருவிவிட்டார். வெளியே வந்து முடியைக் கலைத்துக்கொண்டார். பிறகு குரலெடுத்தார்.

"போச்சு! எல்லாம் போச்சு!"

மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "என்ன போச்சு?"

"டிஸ்க் செத்துப்போச்சு! உயிரே இல்ல! நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?"

அவள் டிஸ்க்கைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கடைசியாக அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த தூசியையும் பார்த்தாள்.

"எல்லாமே போச்சா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல." அவருக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக நடித்தார்.

"அப்ப சரி," என்றாள் மனைவி. "வைக்கறதுக்கே ஒண்ணும் இல்ல. இருபது டெரா எதுக்கு?"

வீடியோக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். டிஸ்க் செத்துவிட்டது என்றால் புதிது தேவையில்லை. சாகவில்லை என்றாலும் தேவையில்லை. எல்லாரும் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். இவர் காசே இல்லாமல் வைத்துக்கொண்டார்.

"முதல்ல வக்கீலுக்கு விஷயத்தைச் சொல்லிடுவோம்," என்று மனைவி போனை எடுத்தாள். "மறைச்சா தப்பு."

"ஐயோ, வேண்டாம்!"

"பொண்ணோட கல்யாணமே போயிடுச்சு. சொல்லாம எப்படி இருக்கறது?"

"ஒரேயடியா போகல! மயக்கமாக்கூட இருக்கலாம்!"

"உயிரே இல்லைன்னீங்க?"

"சில சமயம்... பொழைச்சுக்கும்."

"அப்படின்னா நான் வேலைக்குப் போற வழியில கம்ப்யூட்டர் கடையில காட்டிட்டுப் போறேன்."

தடுப்பதற்கு ஒரு காரணம் தேடினார். அது கிடைப்பதற்குள் மனைவி டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் கைப்பையில் செருகி, செருப்பையும் மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் பட்டது நாய் படாத பாடு. தெருவில் யாராவது இடித்தால்? டப்பா கசிந்தால்? வக்கீல் பெண்ணின் கல்யாணம் முழுக்க அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையை மறுபடி மேடை ஏறச் சொல்ல முடியுமா? பொய்யாகச் சொன்னது நிஜமாகிவிடுமோ? இந்தப் பயத்தில் நடிப்பு துளியும் இல்லை.

மனைவிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. கடைக்குப் போட்டார்.

"எங்க வீட்டுல வந்தாங்களா?"

"வந்தாங்க சார். இங்கதான் இருக்காங்க. உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டிருக்கோம்."

"உள்ளேயா! திறந்துட்டீங்களா?"

"திறக்காம எப்படி சார் பார்க்கறது?"

"ஐயா, தூசி பட்டாலே போயிடுமே! மூடுங்க!"

"மூடிடலாம் சார். அம்மா ஒண்ணொண்ணா எடுத்து வெளியே போடச் சொல்றாங்க."

வீடியோக்காரரின் கண்ணுக்குள் ஆணியும் தகடும் சக்கரமும் பறந்தன. சட்டையை மாற்றாமலே கடைக்கு ஓடினார். அதற்குள் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். கடையின் உள்ளறை சாத்தியிருந்தது.

"உள்ளே வேலை நடக்குது சார்," என்றார் கடைக்காரர்.

"என்ன வேலை?"

"சார்கிட்ட ஒண்ணும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. சாயங்காலம் அவங்க கையிலதான் தருவேன்."

ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரரைப் போல் ஒரு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பைக்குள் போன் அடித்தது. வக்கீல். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் நடையாக நடந்தார்.

சாயங்காலம் மனைவி வந்து டிஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். வீடியோக்காரர் பாய்ந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"ஒத்துக்கறேன்! அது சாகவே இல்ல. நான்தான் வயரை உருவினேன். திறந்துட்டாங்களா? உயிர் இருக்கா? அதை மட்டும் சொல்லு!"

"கடையில மாட்டின உடனே ஓடிச்சு. நாங்க திறந்தது ஃபோல்டரை," என்றாள் மனைவி. "ஒரே கல்யாணம் நாலு நாலு ஃபோல்டர்ல இருக்கு. 'பத்திரம்'னு ஒண்ணு. 'ரொம்பப் பத்திரம்'னு ஒண்ணு. 'தொடாதே'ன்னு ஒண்ணு. 'நிஜமாவே தொடாதே'ன்னு ஒண்ணு."

"கெட்டுப்போச்சுன்னா வேணுமேன்னு காப்பி எடுத்து வச்சேன்."

"எல்லாத்தையும் இதே டிஸ்க்குலயா?"

அவர் டிஸ்க்கை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"வீட்டுச் சாவிக்கு நாலு மாத்துச் சாவி செஞ்சு, நாலையும் உள்ளேயே வச்சுப் பூட்டற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

வீடியோக்காரருக்குக் காது சூடானது. இத்தனை வருஷத் தொழிலில் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வெட்கமாக இருந்தது.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு காப்பியை விட்டுட்டு மத்ததை அழிக்கச் சொன்னேன்," என்றாள் அவள். "சின்னதா ஒரு டிஸ்க் வாங்கி அதுல இன்னொரு காப்பி. இருபது டெரா விலையில கால்வாசிகூட ஆகல. அது என் அலமாரியில இருக்கும்."

"அந்த இருட்டு?"

"முழுசாப் பார்த்துட்டுத்தான் அழிச்சேன். யாரும் இல்ல."

மாட்டிப் பார்த்தார். சிவப்புக் கோடு போன இடம் தெரியவில்லை. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவருக்குப் பசிகூட எடுத்தது.

"வக்கீல் எனக்குப் போன் பண்ணாரு," என்றாள் மனைவி. "நீங்க எடுக்கலையாமே. படம் பத்திரமா இருக்கு, நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

வீடியோக்காரரின் பசி வந்த வழியே போய்விட்டது. அந்தக் கல்யாணத்தில் இன்னும் ஒரு காட்சிகூட வெட்டவில்லை. ஒரு மாதமும் டெராவை வகுப்பதிலேயே போய்விட்டது.

"நாளைக்கா! இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"இடம் இல்லாம எப்படி ஆரம்பிக்கறதுன்னுதானே சொன்னீங்க? இப்பதான் நிறைய இருக்கே."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, டிஸ்க் செத்துப்போச்சுன்னு அவர்கிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன்..."

"வக்கீலாச்சே, இறப்புச் சான்றிதழ் கேப்பாரு," என்றாள் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "உக்காருங்க."