அமாவாசை அன்று எடுத்த ரெக்கார்டிங்

வீட்டுக்குள் தனியாகக் கிடார் வாசிக்கும் எவனும் தன்னை மட்டமாக நினைத்துக்கொண்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் எல்லாரும் மேதைதான். நானும் இருபத்தாறு வயது வரை பெரிய காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு மேதையாக வாழ்ந்து வந்தேன். அப்புறம் கல்யாணம் நிச்சயமானது.

பெண் ரேவதி. ஐயம்பேட்டை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். போனில் பேச ஆரம்பித்த இரண்டாவது நாளே, சாயங்காலம் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கிடார் வாசிப்பேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். (வாய் சும்மா இருந்தால்தானே.) வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், ரெக்கார்டிங் எல்லாம் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பினாள். நம்பியதோடு விடாமல் தன்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியும் வைத்தாள். ஒரு வாரம் கழித்து, "ரிசப்ஷன்ல நாம நடந்து வரும்போது நீங்க ரெக்கார்ட் பண்ணதைத்தான் போடணும். எங்க டீச்சருங்க அதுக்குன்னே வராங்க" என்றாள்.

என் ஸ்டூடியோ என்பது ஒரு கட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொன்ன முதல் பொய். அதை ஒன்றரை மாதத்துக்குள் உண்மையாக்க வேண்டும்.

பள்ளித் தோழன் சலீமிடம் ஓடினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். 2009 வாக்கில் ஊரில் யாருக்கு எந்த ஒயர் வேண்டும் என்றாலும் அவனிடம்தான் போவோம். சென்னைக்குப் போய் ஒரு மைக்கும், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டியும் வாங்கி வந்தான். கிடார் சத்தத்தை கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி. முன்னால் இரண்டு ஓட்டை, பின்னால் நாலு ஓட்டை, நடுவில் ஐந்து திருகு. எது உள்ளே போகிற சத்தம், எது வெளியே வருகிற சத்தம் என்று எங்கள் இருவருக்கும் கடைசி வரை விளங்கவில்லை.

48 என்று எழுதிய ஒரு பொத்தான் இருந்தது. அது என்னடா என்று கேட்டேன். "சைசா இருக்கும் மச்சி, தொடாத" என்றான் சலீம். தொடவில்லை. மைக்கில் சத்தமும் வரவில்லை. நாலு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, பெட்டியைத் துடைக்கும்போது கை பட்டு அந்தப் பொத்தான் அமுங்கியது. மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. மைக்குக்கே கரண்ட் கொடுக்கும் பொத்தான் அது.

அடுத்த குழப்பம், நான் தந்தியை மீட்டினால் ஹெட்போனில் அரை நொடி கழித்துக் கேட்டது. எனக்குப் பின்னால் இன்னொருவன் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாசிப்பது மாதிரி இருந்தது. சரி, அரை நொடி முன்னாலேயே வாசித்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமே என்று இரண்டு நாள் முயற்சி செய்தேன். (இதை நான் கணக்கு டீச்சரிடம் இன்று வரை சொன்னதில்லை.) கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தேன்.

சலீம் என் செல்போனிலும் ப்ளூடூத் வழியாக ஒரு அப்ளிகேஷனை ஏற்றிக் கொடுத்தான். டிக் டிக் என்று தாளம் தட்டும். அதை வைத்துக்கொண்டு வாசித்தால் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஏற்கெனவே தெளிவாக இருந்த ஏதோ ஒன்றை அது கெடுப்பது போல் இருந்தது. தாளம் தெரியாதவனுக்குத்தான் இதெல்லாம், எனக்கு எதற்கு என்று அணைத்துவிட்டேன்.

ஒருவழியாக ரெக்கார்டிங் ஆனது. போட்டுக் கேட்டால் கிடாருக்கு மேலே டடக் டடக் என்று தறிச் சத்தம். ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் அண்ணனின் தறி. காலையில் தொடங்கினால் ராத்திரி வீடு தூங்கும் வரை ஓடும். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால் அப்படி ஒரு சத்தம் இருப்பதையே நான் மறந்திருந்தேன். மைக் மறக்கவில்லை.

அரை மணி நேரம் நிறுத்த முடியுமா என்று போய்க் கேட்டேன். முகூர்த்தப் புடவை, நாள் நெருங்கிவிட்டது, கையை எடுக்க முடியாது என்றார். "அமாவாசைக்குத் தறி லீவுதான, அன்னிக்கு வச்சிக்கோபா. தெருவே சத்தம் இல்லாம இருக்கும்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு அமாவாசை.

அன்றைக்கு லீவு போட்டேன். படையல் முடித்து, சாப்பிட்டு, மத்தியானம் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. ஜன்னலில் போர்வை. கதவிடுக்கில் துண்டு. மைக், பெட்டி, 48 எல்லாம் தயார். வாசித்தேன்.

என்னமோ சரியில்லை. என்ன என்று மட்டும் தெரியவில்லை. விரல் அதே விரல், பாட்டு நானே போட்டு மாதக்கணக்கில் வாசித்த பாட்டு. ஆனால் இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதா இல்லையா என்று கால் தடுமாறுமே, அப்படி இருந்தது. ஐந்து திருகையும் திருகிப் பார்த்தேன். மைக்கை நகர்த்தினேன். கிடாரைத் திட்டினேன். பதினேழு தடவை வாசித்தும் திரும்பக் கேட்டால் பாட்டு ஒரு இடத்தில் ஓடியது, ஒரு இடத்தில் உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் சூடானதால் அப்படி ஆகிறது என்று முடிவு கட்டினேன். சலீமைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "சத்தமே இல்ல மச்சி, சூப்பர்" என்றான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிடியில் ஏற்றிக் கொடுத்தேன்.

ரிசப்ஷன். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டீச்சர்கள். ரேவதி பெருமை தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிடி ஓட ஆரம்பித்தது. பாட்டுக்குத் தகுந்தாற்போல் நடங்க என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். நடந்தோம். பாட்டு வேகமெடுத்தது, நாங்களும் எடுத்தோம். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறக்குறைய ஓடினாள். திடீரென்று பாட்டு தயங்கியது. ஒரு காலைத் தூக்கியபடி இருவரும் நின்றோம். மேடை ஓரத்தில் ஒரு தவில்காரர் நல்லெண்ணத்தில் கூடவே விரலால் தட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை தப்பியதும் தவிலைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். டீச்சர்கள் தலை குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினார்கள். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

பரிசு கொடுக்க ஏகாம்பரம் அண்ணன் மேடைக்கு வந்தார். குழப்பமான முகத்தோடு, "இத்த அமாவாசைலயா எடுத்த?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"அதான பாத்தேன். நித்தம் நம்ம தறிக்குதான வாசிச்சிக்கினு இருப்ப. செவுத்துக்கு இந்தாண்ட எனக்குத் தெரியுமே. நான் நிறுத்துனா நீயும் நிறுத்துவ. தறி இல்லாம உனுக்கு எப்டிபா வரும்?"

ரேவதி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஸ்டூடியோ?"

"கட்டில்" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மாலை குலுங்க, கண்ணில் மை கரைய, அடுத்து வந்த ஆறு குடும்பத்தோடும் சிரித்தபடியே போட்டோவுக்கு நின்றாள். பக்கத்தில் நான் ஊசி போட்டுக்கொள்ள வந்தவன் மாதிரி நிற்கிறேன். ஆல்பத்தில் இருக்கிறது.

இன்று பெட்டியும் வேண்டாம், 48-ம் வேண்டாம். ஒரு போனும் ஒரு ஆப்பும் இருந்தால் எல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது. தாளம் தட்டும் ஆப்பை நான் அணைப்பதே இல்லை. இருந்தும் வீட்டில் நான் பாலைப் பொங்கவிட்டாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், "இன்னிக்கு அமாவாசையா?" என்று ரேவதி கேட்பாள். இதைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள், ஸ்கூலில் சேர்ந்த புதிதில் டீச்சரிடம், அமாவாசை அன்றைக்கு அப்பாவுக்கு வேலை ஓடாது என்று சொல்லியிருக்கிறாள். அவர் ரெஜிஸ்டரில் தகப்பனார் தொழில் நெசவு என்று எழுதிவிட்டார்.

திருத்தச் சொல்லலாம் என்று கிளம்பினேன். ரேவதி விடவில்லை.

"இருக்கட்டும். பக்கத்துல தறி இல்லன்னா உங்களுக்கு எதுதான் ஓடுது?"

இன்னும் அப்படியேதான் இருக்கிறது.