நம்ம காட்டு ஏஜென்ட்

ஒரு காட்டில் வெளிநாட்டு மோகம் யானையில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் எலிகளுக்கும் வந்து சேர்ந்தது. வயலெலி மாசிலாமணியும் அவன் மனைவி செங்கமலமும் தானியக் கப்பலில் கடல் தாண்டி, குளிரான ஒரு பைன் காட்டில் இறங்கினார்கள். வாடகைக்கு ஒரு மரப்பொந்து கிடைத்தது. ஆனால் செங்கமலத்துக்கு இன்னும் சில நாட்களில் பிரசவம். அதற்குள் சொந்த வளை வாங்கியாக வேண்டும்.

"எப்படி இருந்தாலும் சரிங்க. பின்வாசல் மட்டும் இருக்கணும். ஒரு ஆபத்துன்னா குட்டிகளைத் தூக்கிட்டு ஓட வழி வேணும்," என்றாள் அவள்.

அந்தக் காட்டில், வாங்குபவர் சார்பாக வளை பார்த்துத் தரும் ஏஜென்டுகள் உண்டு. முதலில் ஒரு முள்ளம்பன்றி அம்மாளிடம் போனார்கள். அவள் இரண்டு வளைகளின் படங்களைக் காட்டித் தன் மொழியில் பேச, கைபேசி அதைத் தமிழில் சொன்னது.

"இந்தச் சிறிய வளையில் ஈரம் உண்டு. ஆனால் இரண்டு வாசல்கள். அந்தப் பெரிய வளையை வாங்க வேண்டாம். பின்வாசல் இல்லை. முன்பு மூன்று எலிக் குடும்பங்கள் குடியேறின. எவரும் வெளியேறியதாகப் பதிவு இல்லை."

பிறகு ஒரு தாளை நீட்டினாள். விற்பவரிடமிருந்து எதையும் பெற மாட்டேன் என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மாசிலாமணி முகத்தைச் சுளித்தான். "வாயைத் திறந்தாலே அபசகுனம். நல்லவங்களா இருந்தா எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?"

"அவங்க சொன்னது சரின்னுதான் எனக்குத் தோணுது."

"சொன்னது அவங்களா? போன்தானே சொல்லுச்சு."

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "அட, நம்ம பேச்சு மாதிரி இருக்கே. எந்தக் காடு?"

சாரைப்பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. கழுத்தில் 'ஏஜென்ட் ஞானப்பிரகாசம்' என்று அட்டை தொங்கியது. சொந்தக் காட்டில் என்றால் மாசிலாமணி அந்த நொடியே ஓடியிருப்பான். இங்கே, மனைவியையும் போனையும் தவிர வேறொரு வாயில் தமிழ் கேட்டு மூன்று வாரமாகியிருந்தது.

செங்கமலம் அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, பாம்பு."

"பாம்புதான். நம்ம ஊர்ப் பாம்பு," என்றவன், பாம்பிடம் திரும்பி, "ஓடைக்குக் கிழக்கே, கரும்புத் தோட்டம் பக்கம்," என்றான்.

"காது கிழிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருந்தாரே, அவருக்குச் சொந்தமா?"

"என் பெரியப்பா. திடீர்னு காணாமப் போயிட்டார்."

"தங்கமானவர். கடைசியா அவரைப் பார்த்தது நான்தான்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞானப்பிரகாசம் அவர்களை அந்தப் பெரிய வளைக்கே அழைத்துப் போனது. "கிழக்குப் பார்த்த வாசல். வெயில் உள்ளே வரைக்கும் வரும்."

"பின்வாசல் இல்லையே," என்றாள் செங்கமலம்.

"பின்வாசல் வச்சா வர்ற லட்சுமி அந்த வழியாப் போயிடுவா தங்கச்சி. இந்த ஊர்க்காரங்களுக்கு வாஸ்து எங்கே தெரியுது?"

"இது யாரோட வளை?"

"என்னோடதுன்னே வச்சுக்கயேன்."

மாசிலாமணி தயங்கியபடி, "பேப்பர் ஏதாவது..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணன் தம்பிக்குள்ள என்னண்ணே பேப்பர்?"

கேட்டதற்கே அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றைக்கே வாங்கிவிட்டான்.

மறுநாள் பால் காய்ச்சினார்கள். விருந்தாளி ஒருவர்தான். ஞானப்பிரகாசம் நிதானமாக உள்ளே வந்து, வாசலை அடைத்துக்கொண்டு சுருண்டது.

"இந்த ஊர் எலிகளைத் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு அண்ணே. நெல்லு தின்னு வளர்ந்த எலியைக் கண்ணால பார்த்து எத்தனை வருஷமாச்சு," என்றது.

செங்கமலம் பின்சுவரை நகத்தால் பறிக்கத் தொடங்கியிருந்தாள். மாசிலாமணி அவளைத் தட்டிக் கூப்பிட்டான்.

"கேட்டியா? இவ்வளவு தூரம் வந்தும் மனுஷன் ஊர் ருசியை மறக்கல பாரு."

நீதி: வெளிநாட்டில் வீடு வாங்குகிறவர்கள் நம் மொழி பேசும் ஏஜென்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். விழுங்குவதற்கு முன் அவர் சொல்வது ஒரு சொல் விடாமல் புரியும்.