ஆல்பர்ட் விட்டுப்போன கியர்

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த நான், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணத் தவறியவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். (இல்லாவிட்டால் என் மனைவி லில்லி சொல்லிவிடுவாள்.)

என் தம்பி ஆல்பர்ட் ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் பைத்தியமானவன். அவன் கடைசியாக வாங்கிய சைக்கிளில் கியருக்குக் கம்பியே கிடையாது. கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு பாட்டரியோடு இருக்கும் குட்டி மோட்டார் 'ர்ர்க்' என்று சிணுங்கி, பன்னிரண்டு பல்சக்கரங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியைத் தள்ளும். ஒரு நாள் காலை திருநகரிலிருந்து திருமங்கலம் வரை போய்விட்டு வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் அந்தச் சைக்கிளை யாரும் தொடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் மகள் ஷீபா ஒரு நாள் போன் செய்தாள்.

"பெரியப்பா, அப்பா வண்டிய எனக்குக் கொண்டு வந்து தாங்க. ஒண்ணே ஒண்ணு, அப்பா கடைசியா விட்ட கியர்லயே வரணும். மாத்திராதீங்க."

"நான் பாத்துக்கிறேன்மா" என்றேன். நான் அப்படிச் சொன்ன எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் போட்டுவிடலாம் என்றாள் லில்லி. உருட்டிப் புரட்டிக் கியரைக் கலைத்துவிடுவார்கள் என்று நான் விமான டிக்கெட்டே எடுத்தேன். சக்கரத்தைக் கழற்றும் முன், சங்கிலி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க மட்டும்தான் செய்தேன். விமானத்துக்குச் சைக்கிளைப் பெட்டியில் கட்டுவது எப்படி என்று காட்டிய வீடியோவில் ஒருவர், கியர் பாட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள் என்று மூன்று முறை சொன்னார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கழற்றினால் பழைய கடிகாரம் மாதிரி எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டால்? தம்பியின் விரல் கடைசியாக வைத்த இடம் போய்விடுமே. கழற்றவில்லை.

அட்டைப்பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. "பெங்களூர்ப் புளி புளிக்காதுங்க" என்று லில்லி இரண்டு கிலோ புளி உருண்டையைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் திணித்தாள்.

விமான நிலையத்தில் கவுன்டர் பெண் கேட்டாள். "உள்ள பாட்டரி ஏதும் இருக்கா சார்?"

"எல்லாம் கழட்டியாச்சும்மா." (ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துபவன் நான்.)

பெட்டியை எடைமேடையில் சாய்த்தார்கள். உள்ளே 'ர்ர்க்' என்றது. இருமினேன். மறுபடி 'ர்ர்க்'. மறுபடி இருமினேன். ஆறாவது தடவை அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடியே சொன்னாள். "இருமுறது நீங்க சார். சத்தம் பெட்டிக்குள்ள இருந்துல்ல வருது."

வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்க, பெட்டியைப் பிரித்தார்கள். புளி உருண்டை கியர் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு 'ர்ர்க்'குக்கும் ஒரு கியர் நகர்ந்து, மோட்டார் ஒரு ஓரத்துக்கே போய்விட்டிருந்தது. நான் புளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். "என் தம்பி... என் தம்பி..." என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பாதுகாப்புக்காரர் இரக்கத்தோடு குனிந்தார். "தம்பி வெளியிலதான் நிக்கிறாரா? வரச் சொல்லுங்க, அவரே வந்து கழட்டட்டும்."

கவுன்டர் பெண்ணுக்கு என்னவோ புரிந்துவிட்டது. அவளே பாட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள்.

பெங்களூரில் ஷீபாவிடம், "கியர் மாறிருச்சும்மா" என்றேன்.

"பாட்டரியக் கழட்டிருந்தா அங்கனயே நின்னிருக்கும் பெரியப்பா. அது இருந்தாத்தான் மாறும்." பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "சரி விடுங்க. எத்தனாவது கியர்ல இருந்துச்சு? எண்ணி வச்சிருப்பீங்கல்ல?"

நான் புளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும், சாம்பாரில் உப்பு கூடினாலும், "எண்ணி வச்சீங்களா வாத்தியாரே?" என்பதுதான் கேள்வி. கிறிஸ்துமஸ் விருந்தில் ஷீபாதான் கதையை ஆரம்பிப்பாள். இருமல் மட்டும் என் பங்கு.

போன முறை எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"தினம் ஒரு கியர் மாத்தி நிறுத்துறேன் பெரியப்பா. பன்னெண்டு நாளைக்கு ஒரு நாளாச்சும் அப்பா விட்ட கியர்ல நிக்கும்ல?"

"கணக்கு சரிதாம்மா" என்றேன்.