கெசையாவின் பக்கத்து மண்

அன்புள்ள வெல்டா அக்காவுக்குத் தம்பி லைல் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவர் மேல் ஒருவர் பாரத்தைப் போட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரேகானில் உன் மூச்சிரைப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

செய்தித்தாளில் வேலை பார்த்த பழக்கம், உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கொள்ளுப்பாட்டி கெசையா நம் ஊர்க் கல்லறையில் இல்லை. தகவல் தந்தவர் கல்லறைக் காவலர் யோஸ்ட். செவ்வாய்க்கிழமை என் கண் முன்னால், கல்லில் அவள் பெயருள்ள பக்கத்தில் இரும்புக் கம்பியைக் குத்தினார். எங்கே குத்தினாலும் ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. "தோண்டி மூடின மண்ணு நூறு வருஷம் ஆனாலும் கம்பிக்கு வழிவிடும் சார். இது வெறும் மேய்ச்சல் தரை" என்றார்.

அவரைக் குத்த வைத்தவள் நம் சித்தப்பா மகள் ஆர்டித். அந்தக் கல் உனக்குத் தெரிந்ததுதான். 1889இல் அவள் கணவர் ஏனோக் தாத்தா இறந்தபோதே, ஊர் வழக்கப்படி, உயிரோடிருந்த மனைவியின் பெயரையும் பக்கத்திலேயே வெட்டிவிட்டார்கள். "கெசையா, அவர் மனைவி, பிறப்பு 1852, இறப்பு 18" என்று அது பாதியில் நிற்கிறது. அந்த நூற்றாண்டுக்குள் அவள் கதை முடிந்துவிடும் என்று கல்தச்சன் முடிவு செய்திருக்கிறான். மே மாதக் கடைசியில் ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளுக்குள் அந்தக் காலி இடத்தில் 91 என்று வெட்டிவிட வேண்டும் என்று ஆர்டித் கிளம்பிவிட்டாள். தேவாலயச் சமையலறையில், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன்.

"தொண்ணூத்தொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"குடும்ப பைபிள்ல இருக்கு லைல்."

"பென்சில்ல இருக்கே. யார் எழுதினது?"

"எங்கம்மா."

"சித்திக்கு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? கல்லுல 18ன்னு போட்டிருக்கு, அப்ப அதுக்குள்ள செத்திருக்கணும். எண்பத்தொம்பதுல தாத்தா போனாரு. துக்கத்துக்கு ரெண்டு வருஷம் போட்டுக்கோ. இது கூடத் தெரியாம இத்தனை வருஷம் பேப்பர்ல என்னத்தக் கிழிச்ச?"

இதற்குள் அவள் புருஷன் டெல்மர், சட்டை மாட்டும் கம்பிகள் இரண்டை வளைத்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பதுபோலப் பிணம் பார்க்கக் கல்லறைக்குப் போய்விட்டார், கம்பி இரண்டும் ஒன்றையொன்று தாண்டியதும் "கண்டிப்பா பொம்பளதான்" என்றார், அதோடு நிறுத்தாமல் வரிசை வரிசையாக நடந்து இன்னும் பல பெண்களைக் கண்டுபிடித்தார், கடைசியாக ஒருத்தி அவருடைய வண்டிக்கு அடியிலேயே கிடைத்தாள். "இவ கொஞ்சம் கோவக்காரி, கம்பி ஆடுது பாருங்க" என்றார். "அது தண்ணிக் குழாய்ங்க" என்றார் யோஸ்ட்.

ஆள் இங்கே இல்லை என்றால் எங்கே? 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பிலிம் சுருளை வரவழைத்துப் பார்த்தேன். ஐடஹோவில், ரயில்கள் மாறும் ஒரு ஊரில், நம் குடும்பப் பெயரோடு ஒரு கெசையா. விதவை. பிறந்தது ஒஹையோ, 1852. தொழில் சலவை. பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள்: ஆறு. உயிரோடிருப்பவர்கள்? ஐந்து. அக்கா, அந்த ஐந்து என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த ஆறில் ஒருத்தியான கிளாரா இங்கே இறந்தது 1898 குளிர்காலத்தில். அதற்கு முன்பே, 1895இல் நம் கான்சாஸ் மாநிலம் எடுத்த கணக்கில், பிள்ளைகள் எல்லாரும் மூத்தவள் லிடியா வீட்டில் இருக்கிறார்கள். தாய் பெயர் இல்லை. அப்படியானால் ஒரு பிள்ளை குறைந்துபோனதை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மலைகளுக்கு அந்தப்பக்கம், யார் யார் சட்டையையோ பிழிந்துகொண்டு, அவள் நம் ஆட்களை எண்ணி வைத்திருந்திருக்கிறாள். அவள் மகன், நம் ஆமோஸ் தாத்தா, வருஷா வருஷம் அந்தக் கல் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அம்மா இங்கதான் இருக்காங்க" என்பாரே, தெரிந்தேதான் சொன்னாரா? ஏன் போனாள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இறப்புப் பதிவு கேட்டு எழுதியிருக்கிறேன். ஜூன் இரண்டாம் வாரம் வரும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்தச்சன் வருகிறான். ஆர்டித் உன் பேச்சை மட்டும்தான் கேட்பாள். ஒரு போன் போட்டு நிறுத்து. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அதுதான் அந்தக் கல்லிலேயே உண்மையான பகுதி. முடிந்தால் நேரிலேயே வா. நீ இங்கிருந்து போய் எத்தனை வருடம் என்று நான் எண்ணுவதில்லை, ஆர்டித்தான் எண்ணுகிறாள் என்று பொய் சொல்ல நினைத்தேன், வேண்டாம்.

உனக்கு நல்ல உறக்கமும், உன்னைக் கடிக்கும் பூனைக்கு நல்ல புத்தியும் கிடைக்கட்டும்.

உன் தம்பி,
லைல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் யோஸ்ட் போன் செய்தார். "சார், தப்பு நடந்துபோச்சு. இந்த வரிசையில எல்லாக் கல்லும் கிழக்க பாக்குது, உங்களோடது மட்டும் மேற்க பாக்குது. பழைய சூறாவளியில விழுந்தத எவனோ முன்பின்னா திருப்பி நட்டுட்டான். பேரு ரெண்டும் இடம் வலம் மாறிப்போச்சு." ஆகவே, மேலே உறுதி என்று நான் எழுதியதை அடித்துவிடு. நாங்கள் குத்தியது ஏனோக் தாத்தாவின் பக்கம். அங்கே இல்லாதவர் அவர். ஆர்டித்திடம் சொன்னேன். "அப்ப தாத்தா எங்கடா?" என்று கத்தியவள், கல்தச்சனை அவளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் எங்கேயோ போய், கெசையா அவரைத் தேடித்தான் ஐடஹோ வரை போனாளா, தெரியவில்லை. அவள் பக்கத்தில் யோஸ்ட் இன்னும் குத்திப் பார்க்கவில்லை. கம்பி இறங்கினால், அவள் என்றோ ஒருநாள் வீடு திரும்பியிருக்கிறாள். அது வியாழக்கிழமை காலை தெரியும், இன்று பெய்த மழையில் நனைந்த மண் காய்ந்திருந்தால்.