கீழாநெல்லிக்குக் காப்புக் கட்டியவர்

பச்சிலைப் பெரியவர் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் உண்டு. வைத்தியர் அல்ல. வைத்தியருக்கு நோயாளி வேண்டும். இவருக்கு இரண்டு காது கிடைத்தால் போதும். சந்தையில் ஒரு தும்மல் தும்மிப் பாருங்கள். தூதுவளை என்பார், இல்லை ஆடாதோடை என்பார், அதை எந்தக் கிழமையில் பறித்து எந்தப் பாலில் அரைப்பது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தும்மல் தானாக நின்றிருக்கும். பெருமை யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் சென்னியப்பன் அப்படி ஒருவர். ராசம்மாளின் புருஷன் சடையனுக்குக் கண்ணும் நகமும் மஞ்சளாகி, கஞ்சி இறங்காமல் படுத்ததும், கூப்பிடாமலே வந்தார்.

"சேலத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டட்டுங்களா?" என்றாள் ராசம்மாள்.

"இங்கிலீசு மருந்தா? கொடலு வெந்துரும் அம்முணி! இதுக்குக் கீழாநெல்லிதான். ஆனாக் கண்டபடி புடுங்கப்படாது. ஞாயித்துக்கெழமை, பொழுது கெளம்பறதுக்கு முந்தி, செடிக்குக் காப்புக் கட்டி, வாயே தொறக்காமப் புடுங்கோணும். பேசிப்போட்டா மருந்தோட வேகம் போயிரும். நானே புடுங்கித் தாரேன்."

முதல் ஞாயிறு. செடிக்கு மஞ்சள் நூல் கட்டிக் குனிந்தார். வரப்பில் போன தங்கமுத்து, "ஏனுங்க மாமா, வயித்து வலிக்கு என்னங்க பண்றது?" என்றான். பதில் சொல்லாமலிருக்க அவரென்ன கல்லா? ஓமத்தில் தொடங்கி, சுக்கில் ஏறி, பெருங்காயத்தில் வந்து இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம், அம்முணி."

அடுத்த ஞாயிறு யாருமே வரவில்லை. செடியைப் பார்த்து அவரே சொன்னார்: "ஆகா, என்ன செழிப்பு!"

போயிற்று.

அதற்குள் சடையனால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. திங்கட்கிழமை உச்சி வெயிலில் ராசம்மாள், "செங்கோட்டு வேலவா, நீயே துணை" என்று வாய்க்கால் ஓரம் போய் ஒரு பிடி பிடுங்கி வந்தாள். இலைக்கடியில் வரிசையாகக் காய்க்கும் செடியை யாருக்குத்தான் தெரியாது? நெல்லிக்காயளவு அரைத்து, மோரில் கலக்கி, சாப்பாட்டில் உப்பும் புளியும் தள்ளி, காலைதோறும் கொடுத்தாள். பத்தாம் நாள் கண் வெளுத்தது. சடையன் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடித்தான். அந்தச் சண்டையைக் கேட்டு அவள் சாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

சென்னியப்பன் வந்தார். "பாத்தியா! கீழாநெல்லின்னு நாந்தானே சொன்னேன்?"

"ஆமாங்க. போக வர உங்களத் திட்டிட்டேதானுங்க புடுங்கினேன். வேகம் ஒண்ணும் கொறையலீங்க."

அவர் காதில் விழுந்தால்தானே? "மோர்லயா குடுத்தே? ஆட்டுப்பால்ல குடுத்திருந்தா அஞ்சே நாளு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மோர் என்று படித்த இடத்தில், "எங்கள் வீட்டில் சீரகமும் சேர்ப்போமே" என்று உங்கள் உதடு அசைந்ததா, இல்லையா? ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், உண்மையைச் சொல்லுங்கள்.